பீரோவும் அஞ்சறைப் பெட்டியும்

திருச்சியிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். வருகிற மாதம் அவருடைய கணவர் ரிட்டயர் ஆகிறாராம். "இனிமேல் எங்கள் வீட்டில் எல்லா நாளும் ஞாயிற்றுக்கிழமைதான். நீங்கள் பத்துப் பன்னிரண்டு வருஷம் அனுபவப்பட்டவர் ஆயிற்றே! உங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமை எப்படிப் போகிறது என்று ஒரு வாரம் எழுதுங்களேன்" என்று கேட்டிருக்கிறார்.

எழுதுகிறேன், அம்மா. அதற்கு முன்னால் ஒரு சின்னத் திருத்தம். எல்லா நாளும் ஞாயிற்றுக்கிழமை ஆகப் போவது உங்கள் வீட்டுக்காரருக்கு. உங்களுக்கு எல்லா நாளும் திங்கட்கிழமை! இத்தனை நாளும் ஒன்பது மணிக்கு ஒரு சாப்பாட்டு டப்பாவோடு வாசல் தாண்டிப் போய்விட்ட மனிதர், இனி பதினோரு மணிக்குச் சமையற்கட்டு வாசலில் நின்றுகொண்டு, "என்ன வாசனை வருகிறது?" என்று கேட்பார். கோபித்துக்கொள்ளாதீர்கள். அவருக்கும் போக வேறு இடம் இல்லை.

எங்கள் வீட்டுக்காரர் பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையில், பெயின்ட் ஷாப்பில் வேலை பார்த்தவர். 1955-ம் வருஷம் அக்டோபர் 2-ந் தேதி நேரு வந்து திறந்து வைத்தாரே, அதே தொழிற்சாலைதான். இவர் 1976-ல் சேர்ந்து, 60 வயது முடிந்து, 2014-ல் மாலையும் கையுமாக வீட்டுக்கு வந்தார். பெட்டிகளின் மேல் எண் எழுதுவதில் இவருக்கு ஒரு கர்வம் உண்டு. அந்த நாள் ரயில் பெட்டியில் ஐந்து இலக்க எண் எழுதியிருக்கும். அதில் முதல் இரண்டு இலக்கம் அந்தப் பெட்டி கட்டப்பட்ட வருஷம். எங்கேயாவது ஊருக்குப் போகும்போது, பிளாட்பாரத்தில் எல்லாரும் இடம் பிடிக்க ஓடினால், இவர் மட்டும் பெட்டியின் எண்ணைப் படித்துவிட்டு, "இது 87-ல் போனது. எழுத்து இன்னும் அழியவில்லை பார்" என்பார். நான் இரண்டு பையும் ஒரு கூஜாவுமாக நிற்பேன்.

ரிட்டயர் ஆகி இத்தனை வருஷமாகியும் விடியற்காலை நாலரை மணிக்கு விழிப்பு வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான். அன்றைக்கு இவருக்கு வீட்டு வேலை ஒன்று உண்டு. ஆறு மணிக்குப் பையை எடுத்துக்கொண்டு ஆட்டுக்கறி வாங்கி வருவது. நல்ல நெஞ்செலும்பாகப் பார்த்து வாங்கி வருவார், குறை சொல்ல மாட்டேன். பையைக் கொண்டுவந்து சமையல் மேடையில் வைத்ததும், "அப்பாடா!" என்று நாற்காலியில் உட்காருவார். அத்தோடு அன்றைய வேலை முடிந்தது. 2019-ல் சர்க்கார் ஒரு கணக்கு எடுத்தார்கள். சமையல், துவையல் என்று வீட்டு வேலை செய்கிற பெண்கள் ஒரு நாளைக்குச் சராசரி 299 நிமிஷம் அதற்குச் செலவிடுகிறார்களாம். வீட்டு வேலை செய்கிற ஆண்கள் 97 நிமிஷமாம். நான் இவரிடம் அதைப் படித்துக் காட்டி, "உங்கள் 97 நிமிஷம் எங்கே?" என்று கேட்டேன். "கறிக்கடையில் கூட்டம்" என்றார்.

போன ஞாயிற்றுக்கிழமை சங்கதிக்கு வருகிறேன்.

அன்றைக்குக் குழந்தைகள் எல்லாரும் வருவதாக ஏற்பாடு. பிள்ளை ஆவடியில் இருக்கிறான். மருமகளையும் இரண்டு பேரன்களையும் கூட்டிக்கொண்டு லோகல் வண்டியில் வில்லிவாக்கம் வந்து இறங்க அரை மணி நேரம்கூட ஆகாது. பெண் இருப்பது தாம்பரத்தில். பூங்கா ரயில் நிலையத்தில் இறங்கி, எதிரே சென்டிரலுக்கு நடந்து, அங்கே வண்டி மாறி வர வேண்டும். ஆனால் அவள்தான் முதலில் வந்து நிற்பாள். இதில் என்ன ரகசியமோ, தெரியவில்லை. பெண்ணைப் பெற்ற சகோதரிகளுக்குத் தெரியும்.

அவர்கள் வருவதற்கு முன்னால், காலை எட்டு மணிக்கு, தெருக்கோடி வீட்டு அக்கா வந்தார். கையில் ஓர் எவர்சில்வர் டப்பா. திறந்தால் லட்டு.

"என்ன அக்கா விசேஷம்?" என்றேன்.

"விசேஷம் என்ன விசேஷம்! அவரோட பென்ஷன் என் பேருக்கு மாறி, பணம் வந்துட்டுது" என்றார். சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. "இதுக்கு இனிப்புக் கொடுக்கலாமோ கூடாதோ, எனக்குத் தெரியல்லே. ஆனா 11 மாசமா எனக்காக எல்லாரும் வேண்டிக்கிட்டீங்களே" என்றார்.

அந்த அக்காவின் கணவரும் சர்க்கார் உத்தியோகத்தில் இருந்தவர்தான். அவர் காலமான அன்றைக்கு அக்காவுக்குப் பாங்கி எது, கணக்கு எது, எந்தக் காகிதம் எங்கே என்று ஒன்றும் தெரியாது. "எல்லாம் அவர் பார்த்துக்குவார்" என்று இருந்துவிட்டார். தேடிப் பிடித்துக் காகிதங்களைச் சேர்த்தால், ஒன்றில் பெயர் ஒரு மாதிரி, இன்னொன்றில் ஓர் எழுத்து வித்தியாசம். "இவரும் நீங்களும் ஒரே ஆள் என்பதற்கு என்ன அத்தாட்சி?" என்று கேட்டார்களாம். 11 மாதம் ஒரு துணிப்பையைத் தூக்கிக்கொண்டு அலைந்தார். அந்தப் பையை நானே பார்த்திருக்கிறேன். எந்தக் கடையிலோ தீபாவளிப் புடவைக்குக் கொடுத்த பை.

லட்டை வாங்கி உள்ளே வைத்தேன். இவர் பேப்பருக்குப் பின்னாலிருந்து, "பாவம், அந்த மனுஷர் ஒழுங்காக எழுதி வைத்திருக்க வேண்டும்" என்றார்.

பதினோரு மணிக்கு வீடு நிறைந்துவிட்டது. கறிக்குழம்பு, எலும்பு ரசம், முட்டை, குழந்தைகளுக்குக் காரமில்லாமல் தனியாக ஒரு வறுவல். மருமகள் தேங்காய் அரைத்தாள். பெண் வெங்காயம் உரித்தாள். கூடத்தில் ஆண்கள் நாட்டை ஆண்டுகொண்டிருந்தார்கள். பெரிய பேரன் தாத்தாவிடம் வந்தே பாரத் ரயிலைப் பற்றிக் கேட்டான். முதல் வந்தே பாரத் வண்டியை 2018-ல் இவருடைய தொழிற்சாலையில்தான் கட்டினார்கள். "அதிலே நீங்க பெயின்ட் அடிச்சீங்களா, தாத்தா?" "இல்லைடா. நான் வெளியே வந்து நாலு வருஷம் கழித்துத்தான்..." என்று இவர் இழுத்தபோது குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது. என்னதான் 'ஓய்வு, ஓய்வு' என்று நாம் கேலி செய்தாலும், ஒரு மனிதருக்குத் தாம் இல்லாமலேயே எல்லாம் நடக்கிறது என்று தெரிவது லேசான விஷயம் அல்ல. அப்போது நான் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். ஓர் அகப்பை ரசத்தைக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு போய், "உப்புப் பாருங்கள்" என்று கொடுத்தேன். உப்புச் சரியாக இருந்தது என்று எனக்கே தெரியும்.

சாப்பாடு முடிந்து, நாங்கள் பெண்கள் மூன்று பேரும் உட்காரும்போது மணி இரண்டரை. கூடத்தில் பாயை விரித்து, மின்விசிறிக்குக் கீழே ஆளுக்கொரு திசையில் தலை வைத்துப் படுத்திருந்தார்கள். இந்த நேரம்தான் எனக்கு ஞாயிற்றுக்கிழமையிலேயே பிடித்த நேரம். வீடு முழுக்கச் சொந்த மனிதர்கள். யாரும் பேசவில்லை. பிறந்து வளர்ந்த வீட்டில் தூங்குகிற பிள்ளையின் முகத்துக்கு மட்டும் வயது ஆவதே இல்லை.

தூங்காத ஒரே ஆள் பேத்தி, பெண்ணின் மகள், பத்து வயது. பள்ளிக்கூடத்தில் தாத்தா பாட்டியைப் பற்றி ஒரு நோட்டில் எழுதிப் படம் ஒட்டிவரச் சொல்லியிருக்கிறார்களாம். "தாத்தா, கல்யாணப் போட்டோ வேணும்" என்று பிடுங்கி எடுத்துவிட்டாள். இவர் எழுந்து, அரைஞாணில் முடிந்திருந்த சாவியை எடுத்துப் பீரோவைத் திறந்தார்.

இந்தப் பீரோவைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். கல்யாணமான இரண்டாம் வருஷம் தவணையில் வாங்கினது. மேல் தட்டு இவருடையது. அதில் என் கை பட்டதே கிடையாது. இவர் தடுத்தார் என்று சொல்ல முடியாது. அது அவர் இடம் என்று நானே விட்டுவிட்டேன். அஞ்சறைப் பெட்டி என் இடம் என்று அவர் விட்டுவிட்ட மாதிரி.

போட்டோவைத் தேடுகையில் காகிதக் கட்டு ஒன்று கீழே வந்தது. அதில் பென்ஷன் புத்தகம் இருந்தது. அதில் நானும் இவரும் சேர்ந்து எடுத்துக்கொண்ட போட்டோ ஒட்டியிருந்தது. பேத்திக்கு ஒரே சந்தோஷம். "இது போதும், தாத்தா!" என்று இங்கிலீஷில் இருந்ததை வரிசையாகப் படித்துக்கொண்டே போனாள். திடீரென்று நிமிர்ந்து, "பாட்டி! தாத்தாவுக்கு வேறே ஒரு பாட்டி இருந்தாங்களா?" என்று கேட்டாள்.

பெண் எழுந்து உட்கார்ந்தாள். மருமகள் கையில் இருந்த தட்டைக் கீழே வைத்தாள்.

"என்னடி உளறுகிறாய்?"

"மனைவி பேர்னு போட்டிருக்கு. 'பாப்பம்மாள்'னு இருக்கே. உங்க பேர் அது இல்லையே!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆதார் அட்டையிலும், ரேஷன் கார்டிலும், ஓட்டர் அட்டையிலும், நீங்கள் வாரா வாரம் பார்க்கும் இந்தப் பக்கத்தின் தலைப்பிலும் உள்ள பெயர் வேறு. பாப்பம்மாள் என்று எனக்குப் பெயர் வைத்தவர் உலகத்தில் யாரும் இல்லை. ஆனால், என் அம்மா என்னைப் 'பாப்பா' என்று கூப்பிடுவாள். நாற்பது வயதிலும் அப்படித்தான் கூப்பிட்டாள்.

இவர் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்: "கல்யாணம் ஆன புதிதில் ஆபீஸில் மனைவி பெயர் என்ன என்று கேட்டார்கள். பத்திரிகையில் ஏதோ பெரிய பெயராக அச்சடித்திருந்தார்கள். எனக்கு அது பழகவில்லை. உங்கள் அம்மா பாப்பா, பாப்பா என்றுதானே கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்? அதைக் கொஞ்சம் மரியாதையாக இருக்கட்டும் என்று..." நிறுத்திவிட்டார். 1980-ல் தன் கையால் எழுதிக் கொடுத்ததுதான். அதைப் பார்த்தே அடுத்தது, அதைப் பார்த்தே அதற்கு அடுத்தது என்று பென்ஷன் புத்தகம் வரைக்கும் வந்துவிட்டது. பெட்டியில் ஓர் இலக்கம் நூலிழை சாய்ந்தாலும் அழித்துவிட்டு எழுதுகிற மனிதர்!

இதில் இன்னொரு சங்கதி உண்டு. 45 வருஷமாக இவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "இந்தா", "இங்கே பார்", "உன்னைத்தான்" என்பதோடு சரி. என் பெயர் இவர் மனசில் என்னவாக இருக்கிறது என்று நான் யோசித்ததே கிடையாது. அம்மா போன பிறகு அந்தப் பெயரோடு என்னை நினைக்கிறவர் யாரும் இல்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

சிரித்துக்கொண்டேதான் இருந்தேன். சமையற்கட்டில் ஒரு வேலை இருக்கிற மாதிரி எழுந்து போனேன். அங்கே மேடையில் அந்த லட்டு டப்பா இருந்தது. அதைப் பார்த்ததும் சிரிப்புப் போய்விட்டது.

கூடத்தில் பெண் அப்பாவைப் பிடித்துக்கொண்டாள். "தெருக்கோடி அத்தை ஓர் எழுத்துக்காக 11 மாசம் அலைஞ்சாங்க, அப்பா. அம்மாவுக்கு முழுப் பேரே வேறே! அம்மா எந்த ஆபீஸ் வாசலிலே நின்னு, 'நான்தான் பாப்பம்மாள்'னு சொல்றது?" அதற்கு மேல் அவளாலும் பேச முடியவில்லை. அப்படி அம்மா தனியாக நிற்க வேண்டுமானால் என்ன நடந்திருக்க வேண்டும் என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. பிள்ளைதான் சமாதானம் சொன்னான்: "இப்போ தெரிஞ்சுதே, நல்லதாப் போச்சு. அப்பா கையெழுத்துப் போட்டு, அம்மா ஆதார் நகலோடு மனு கொடுக்கலாம். அப்பா நேரே போய்ச் சொன்னா அதுவே பெரிய சாட்சி." அங்கேயே உட்கார்ந்து மனுவை எழுத ஆரம்பித்துவிட்டான்.

சகோதரிகளே, உங்கள் வீட்டுப் பீரோவிலும் ஒரு தட்டு இருக்கும். இன்றைக்கே திறந்து பார்த்துவிடுங்கள். 2004-க்கு முன்னால் மத்திய சர்க்கார் வேலையில் சேர்ந்தவரானால், பென்ஷன் பொதுவாகக் கடைசியாக வாங்கின அடிப்படைச் சம்பளத்தில் பாதி. அவருக்குப் பின் மனைவிக்கு வருகிற குடும்பப் பென்ஷன் சாதாரணமாக 30 சதவீதம். அதன் மேல் பஞ்சப்படி உண்டு. ரிட்டயர் ஆகும்போது பென்ஷனில் ஒரு பகுதியை மொத்தமாக வாங்கிக்கொள்வார்கள் அல்லவா? அதற்காக மாதா மாதம் பிடிக்கிற தொகை 15 வருஷம் கழித்து நின்று, முழுப் பென்ஷன் திரும்பிவிடும். அந்தப் பிடித்தம் மனைவியின் குடும்பப் பென்ஷனைத் தொடாது. இதெல்லாம் எனக்குப் போன ஞாயிற்றுக்கிழமைதான் தெரிந்தது! பென்ஷன் வருகிற பாங்கிக் கணக்கைக் கணவன் மனைவி இருவர் பெயரிலும், இருவரில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்கிற முறையில் வைத்துக்கொள்ளலாம். எங்கள் கணக்கு இவர் ஒருவர் பெயரில்தான் இருந்தது.

அப்புறம், வருஷா வருஷம் நவம்பரில் 'உயிரோடு இருக்கிறேன்' என்று சான்று கொடுக்க வேண்டும். இவர் கட்டை விரலை வைத்ததும் யந்திரம் ஒப்புக்கொண்டுவிடும். என் விரல் அப்படி அல்ல. ரேஷன் கடையில் நாலு தடவை துடைத்து வைத்தாலும் ரேகை விழாது. பாத்திரம் தேய்த்தும் புளி கரைத்தும் என் ரேகையெல்லாம் இந்த வீட்டுச் சமையற்கட்டில் போய்விட்டது. "கவலைப்படாதீங்க அத்தை, 2021-லிருந்து செல்போனிலே முகத்தைக் காட்டினாலே போதும்" என்றார் மாப்பிள்ளை. நல்லவேளை, முகமாவது மிச்சம் இருக்கிறது.

ஆறு மணிக்கு எல்லாரும் கிளம்பினார்கள். ஆளுக்கொரு டப்பாவில் குழம்பு. பேத்தி பென்ஷன் புத்தகப் போட்டோவைத் தன் அம்மாவின் செல்போனில் படம் பிடித்துக்கொண்டு போனாள். நோட்டில் என்ன எழுதுவாளோ!

கதவைச் சாத்திவிட்டு உள்ளே வந்தால் இவர் சமையற்கட்டில் நிற்கிறார்.

"காபிப் பொடி எதிலே இருக்கிறது?" என்றார்.

"எதற்கு? நான் போட்டுத் தருகிறேன்."

"அதில்லை. எனக்கு எது எங்கே என்று தெரியவில்லையே. நாளைக்கு ஒரு நாள் நீ..." அந்த வாக்கியத்தையும் இவர் முடிக்கவில்லை. அன்றைக்கு எங்கள் வீட்டில் முடியாத வாக்கியங்கள் ரொம்ப ஜாஸ்தி.

நான் ஒன்றும் சொல்லாமல் டப்பாக்களை ஒவ்வொன்றாக இறக்கி வைத்தேன். இவர் பெயின்ட் ஷாப் காலத்துத் தூரிகையும் ஒரு சின்ன வெள்ளைப் பெயின்ட் டப்பாவும் எடுத்துவந்து தரையில் உட்கார்ந்தார். மல்லித்தூள், மிளகாய்த்தூள், ரவை, பொட்டுக்கடலை என்று ஒவ்வொரு டப்பாவிலும் அளவெடுத்தாற்போல் எழுதினார். பொடிகளுக்கு மட்டும் பெயருக்குக் கீழே திரித்த வருஷத்தின் கடைசி இரண்டு இலக்கம்! பக்கத்தில் நான் ஒரு பழைய நோட்டில் பாங்கிக் கணக்கு எண், பென்ஷன் எண், இன்ஷூரன்ஸ் எண் எல்லாவற்றையும் இவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். இடையில் ஒரு தடவை, "பாப்பம்மாள் என்றால் என்ன மோசம்? நல்ல பெயர்தான்" என்றார். நான் எழுதுவதை நிறுத்தவில்லை.

ஒன்பது மணிக்கு எல்லாம் முடிந்து அலமாரியில் வரிசையாக அடுக்கினார். ரயில் பெட்டிகள் யார்டில் நிற்கிற மாதிரி இருந்தது. தூரத்தில் நின்று, தலையைச் சாய்த்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். பிரமாதமான எழுத்து, நானே ஒப்புக்கொள்கிறேன். 'சீரகம்' என்று எழுதியிருக்கிற டப்பாவில் இருப்பது சோம்பு.

நான் சொல்லவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை ரசம் இவர்தான் வைக்கிறாராம்.